கம்ப்யூட்டர் கேள்வி கேட்ட காலம்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. இப்போது கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவர், "சார், பசங்க எல்லாத்தையும் ஏஐகிட்டதான் கேக்குறாங்க. இனி நாங்க எதுக்கு?" என்று எழுதியிருந்தார். ஆளுக்கொரு கருத்து சொன்னீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வரியில் முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை வைத்துக் கல்லூரியில் பாடம் நடத்துவது நேற்று வந்த விஷயம் இல்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் 1988-லேயே நாங்கள் செய்து பார்த்தோம். அப்போது தேனி தனி மாவட்டம்கூட ஆகவில்லை, நாமெல்லாம் மதுரை மாவட்டம். அந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. 640 கேபி நினைவகம், பச்சை எழுத்துத் திரை, ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி இரண்டு போடலாம். ஒரு ஃபிளாப்பியில் 360 கேபி பிடிக்கும். இன்று உங்கள் ஃபோனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.

அந்த அறையை அன்று படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்லூரியிலேயே ஏசி போட்ட ஒரே அறை அதுதான். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆடி மாதம் மலையிலிருந்து இறங்கும் காற்று மைதானத்து மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து வைப்போம். கரண்ட் போனால் திரையில் இருந்ததெல்லாம் போய்விடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "சேவ் பண்ணியா?" என்று கேட்பதே எனக்கு வழக்கமாகி, வீட்டில் சாப்பிடும்போதும் அதே கேள்வியைக் கேட்பதாக உங்கள் அம்மா கேலி செய்வாள்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அலுவலகத்தார் சம்பளப் பட்டியல் போடலாம் என்றார்கள். தேர்வு மதிப்பெண் கூட்டலாம் என்றார்கள். நானும் கணிதத்துறை நண்பர் ஒருவரும், முதலாண்டு இயற்பியல் கணக்குகளுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று முதல்வரிடம் கேட்டோம். மாலை நான்கு மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்.

இந்த யோசனை எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு புத்தாக்கப் பயிற்சியில் கேட்டதுதான். அமெரிக்காவில் 1950-களில் உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். அது கம்ப்யூட்டர் இல்லை, ஒரு பெட்டி. பாடத்தை மிகச் சிறு படிகளாக உடைத்து, மாணவன் தவறே செய்யாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவது அவர் முறை. அதே காலத்தில் நார்மன் கிரௌடர் என்பவர் வேறு வழி சொன்னார். மாணவன் தவறு செய்யட்டும், எந்தத் தவறைச் செய்கிறானோ அதற்கேற்ற பக்கத்துக்கு அவனை அனுப்பு என்றார். 1960-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் அவர் குழுவினரும் 'பிளேட்டோ' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கல்லூரிப் பாடத்தைக் கம்ப்யூட்டரே நடத்தும் முயற்சி அது. தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவர்தான் உட்கார முடியும். 1970-களில் தொடுதிரையோடு நூற்றுக்கணக்கான இருக்கைகளாக வளர்ந்தது.

நம் நாட்டில் 1963-லேயே கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்துவிட்டது. 1984-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுக்கும் 'க்ளாஸ்' திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்காக யுஜிசி தூர்தர்ஷனில் பாடம் ஒளிபரப்பத் தொடங்கியது. அந்தத் தொலைக்காட்சிப் பாடங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் டிவி பேசிக்கொண்டே போகும். உனக்கு என்ன புரிந்தது என்று அது கேட்காது. கம்ப்யூட்டர் கேட்கும். எங்களை இழுத்தது அதுதான்.

நாங்கள் எழுதியது பேசிக் மொழியில். 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கிய மொழி அது. கலைப்பிரிவு மாணவனும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காகவே எளிதாகச் செய்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 10, 20, 30 என்று பத்துப் பத்தாகப் போடுவோம். பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டுமானால் இடையில் 15, 25 என்று நுழைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன வசதி எவ்வளவு பெரிதாக உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

கணக்குக்கு எங்கும் அலையவில்லை. கூடலூர் தாண்டிக் குமுளி ரோட்டில் போகும்போது லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் இறங்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் அதில் விழுந்துதான் மின்சாரம் எடுக்கிறார்கள். அப்போது 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 140. அதைச் சுருக்கி ஒரு கணக்கு வைத்தோம். ஒரு விநாடிக்கு 1000 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு திறன் கிடைக்கும்?

நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 1000 × 9.8 × 100. விடை 9,80,000 வாட், அதாவது 980 கிலோவாட். அவ்வளவுதான்.

சரியான விடையைச் சோதிக்க ஒரே ஒரு வரி போதும். மற்ற வரிகள் எல்லாம் தவறான விடைகளுக்கு. ஒருவன் 1,00,000 என்று போட்டால் 9.8-ஐ விட்டுவிட்டான் என்று அர்த்தம். 4,90,000 என்று போட்டால் இயக்க ஆற்றல் சூத்திரத்தில் உள்ள பாதியை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான். 98 கோடி என்று வந்தால் லிட்டரைக் கன மீட்டராக எடுத்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி, தனித்தனிக் கேள்வி. பக்கத்து ஆளைப் பார்த்து எழுதாமலிருக்க ஒவ்வொருவருக்கும் எண்களை மாற்றிக் கொடுத்தோம். அதனால் விடையைச் சரியான விடையால் வகுத்து, வரும் விகிதத்தை வைத்துத் தவறைக் கண்டுபிடித்தோம்.

எங்களைத் திணற வைத்தது 980 என்ற விடை. கிலோவாட்டில் சொன்னவனுக்கும் 980. கன மீட்டராகச் சரியாக மாற்றி, ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ என்பதை மறந்துவிட்டவனுக்கும் அதே 980. ஒருவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, இன்னொருவனுக்கு அடிப்படையே புரியவில்லை. தாளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நண்பர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "சார், இதுக்கு கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? நாமதான் என்ன பண்ணுவோம்? திரும்ப ஒரு கேள்வி கேப்போம்ல, அதையே இதுவும் கேக்கட்டும்" என்றார். 'வாட்டா, கிலோவாட்டா?' என்று ஒரு வரி சேர்த்தோம். வாட் என்றால், 'ஒரு கன மீட்டர் தண்ணீர் எத்தனை கிலோ?' 1 என்று பதில் வந்தால், 'ஒரு குடம் தண்ணீர் எத்தனை கிலோ இருக்கும்?'

அந்தக் குடத்துக் கேள்வி நண்பர் கொடுத்தது. அதற்கு 8-லிருந்து 20 வரை எந்த எண் போட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். 'அப்போது ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள தொட்டியில் ஒரு கிலோ தண்ணீர்தானா?' என்று அடுத்து கேட்கும். அங்கே வந்ததும் அநேகமாக எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

தமிழ் எழுத்து எங்கள் திரையில் வராது. மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆகவே தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தோம். பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம் பேச்சு. 'தப்பு' என்ற சொல்லை எங்கும் வைக்கவில்லை. 'இன்னொரு தடவை பாருப்பா' என்றுதான் வரும். பீப் ஒலி எழுப்பும் வசதி இருந்தது. அதையும் வைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இதைப் படிப்பார். எழுதுங்கள் சார், பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். கடைசி பெஞ்ச். ஆண்டு முழுக்க என் வகுப்பில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. முதலாண்டுத் தேர்வில் இயற்பியல் போய்விட்டது. ஜீப் ஏறி மலைக்கே போய்விடப் போவதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போனால் அன்றைக்கே கூலி கிடைக்கும். இருந்தால் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். யார் அவரைத் தடுக்க முடியும்?

ஒரு மாலை இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் வரிசையில் அவருக்குத் துணை வரவில்லை. தனியாக உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தார். நான் பின்னால் மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திடீரென்று தனக்குத்தானே சிரிக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் குடத்துக் கேள்வியில் நிற்கிறார். "எங்க லயத்துல தண்ணி குழாய் கீழ இருக்கும் சார். ரெண்டு குடம் தூக்கிட்டு ஏறினா தோள் போயிரும். ஒரு தொட்டித் தண்ணியைப் போய் ஒரு கிலோன்னு போட்டிருக்கேன்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மறுநாள் ஃபிளாப்பியில் பதிவாகியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். யார் எந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டார்கள் என்பதை எல்லாம் ஒரு கோப்பில் சேமித்து வைப்போம். அந்த மாலையில் அவர் நாற்பத்தொரு முறை முயன்றிருந்தார். வகுப்பில் ஒரு மாணவன் நாற்பத்தொரு முறை தவறாகச் சொல்ல நாம் விடுவோமா? மூன்றாவது தடவையே பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். ஐந்தாவது தடவை ஆசிரியருக்கே பொறுமை போய்விடும். மீதி அறுபது பேர் காத்திருப்பார்கள். இதில் ஆசிரியரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை, வகுப்பு என்பது அப்படிப்பட்ட இடம். இயந்திரத்துக்கு அவசரம் இல்லை, அலுப்பு இல்லை, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணமும் இல்லை.

கம்ப்யூட்டர்தான் அவரைக் காப்பாற்றியது என்று கதை முடிக்க மாட்டேன். விடுதிக் கட்டணத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. அவருடைய அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. நண்பர்கள் நோட்டு கொடுத்தார்கள். ஆனால் அந்த மாலைக்குப் பிறகுதான் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார் என்பதும் உண்மை. பட்டம் வாங்கினார், பி.எட். முடித்தார், பள்ளியில் பல ஆண்டு இயற்பியல் நடத்தினார்.

எனக்கும் அந்தக் கோப்புகள் பெரிய உதவி. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பெயரும் எண்ணும் இல்லாமல் விடைகளை மட்டும் அச்செடுத்துக் காலையில் வகுப்புக்கு எடுத்துப் போவேன். "நேற்று எட்டுப் பேர் இப்படிப் போட்டிருக்கிறீர்கள். ஏன் இப்படி வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று தொடங்குவேன். யாருடைய தவறு என்று தெரியாததால் எல்லோரும் துணிந்து பேசுவார்கள். நாங்கள் கற்பனையே செய்யாத புதுத் தவறுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பேசிக்கில் இடையில் ஒரு வரி நுழைப்போம், 125, 126, 127 என்று. ஓராண்டில் வரி நுழைக்கவே இடம் இல்லாமல் போய், எண்களை எல்லாம் மாற்றிப்போட வேண்டி வந்தது. அந்தப் பாடத்தை எழுதியது நானும் நண்பரும் மட்டுமில்லை. தவறு செய்த ஒவ்வொருவரும் அதில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

எவ்வளவு வரி சேர்த்தாலும் எதிலும் அடங்காத விடைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுக்காகக் கடைசியில் ஒரு வரி வைத்திருந்தோம்: 'இந்த விடை எப்படி வந்ததுன்னு எனக்குப் புரியலை. சாரைப் போய்ப் பாரு.' மாணவர்கள் எழுந்து வந்து, "சார், கம்ப்யூட்டருக்கே புரியலையாம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அப்படி வந்தவர்களோடு பேசியதில்தான் நான் இயற்பியலை அதிகம் கற்றுக்கொண்டேன்.

இது ஆறேழு ஆண்டு ஓடியது. 1990-களின் நடுவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தனிப் பாடமாக எங்கும் வந்தது. எல்லோருக்கும் கம்ப்யூட்டரைப் படிக்க வேண்டும், கம்ப்யூட்டரால் படிப்பது யாருக்கும் நினைவில்லை. ஆய்வக நேரம் முழுக்க அந்தத் துறைக்குப் போனது. அதிலும் நியாயம் உண்டு, அந்தப் படிப்பால் எத்தனையோ குடும்பங்கள் மேலே வந்தன. விண்டோஸ் வந்தது. ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. பிறகு 2003-ல் ஐஐடிக்களின் என்பிடெல் பாடங்கள், 2011-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினி, 2020-ல் கொரோனா கால ஆன்லைன் வகுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே நல்லவைதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி அந்தக் காலத்து டிவி பாடம்போல, பேசிக்கொண்டே போகிறவை.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். என் பேத்தி இன்ஜினியரிங் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது அதே லோயர் கேம்ப் கணக்கை அவளிடம் சொன்னேன். ஃபோனில் ஏஐயிடம் கேட்டாள். நல்ல தமிழில், படிப்படியாக, விடையோடு சில நொடியில் வந்துவிட்டது. எனக்குப் பிரமிப்பாக இருந்தது. தமிழ் எழுத்துக்கே வழியில்லாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். "ஈஸி தாத்தா" என்றாள். "ஒரு கன மீட்டர் தண்ணீர் எத்தனை கிலோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவள் மக்கு இல்லை. தவறு செய்ய அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவளையே, "பதில் சொல்லாதே, என்னைக் கேள்வி மட்டும் கேள் என்று அதற்குச் சொல்லிப் பார்" என்றேன். அதுவும் கேட்டது, நன்றாகவே கேட்டது. எங்கள் பழைய நிரலைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமாக. ஆகவே இந்த இயந்திரங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்கச் சொன்னால் கேட்கிறது. கேட்கச் சொல்ல வேண்டும் என்று மாணவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

"நாங்க எதுக்கு?" என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் மாணவர்கள் போடும் தவறான விடைகளை, யார் போட்டது என்று எழுதாமல், தேதி போட்டு எழுதி வாருங்கள். பக்கத்தில் அந்த விடை எப்படி வந்திருக்கும் என்று எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் இருக்கும் அந்த நோட்டு வேறு யாரிடமும் இருக்காது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஃபோனிடம் என்ன கேட்டான், எங்கே திணறினான் என்று காலையில் விசாரியுங்கள். விளங்காத விடையோடு ஒருவன் வந்து நின்றால் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். 'சாரைப் போய்ப் பாரு' என்று ஃபோன் தானாகச் சொல்லி நான் இதுவரை பார்க்கவில்லை. அதனால் நீங்கள்தான் "என்னிடம் வா" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

கணிதத்துறை நண்பர் இப்போது இல்லை. குடத்துக் கேள்வி அவருடையது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதினேன். 1988-லிருந்து 1994 வரை அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் யாரிடமாவது பழைய பிரின்டவுட் இருந்தால் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், மங்கிப் போயிருந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு நினைவிருக்கும் தவறான விடைகளைக் கீழே கமென்ட்டில் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களில் பலர் இப்போது தாத்தா, பாட்டி ஆகிவிட்டீர்கள்.

 சாரல் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.